புகார் பூஜ்யம்

மார்ச் மாதம் புகார் பூஜ்யம்.
பீன்யா அலுவலகத்துச் சுவரில்
நாகரத்னா பச்சை ஸ்கெட்சில் எழுதினாள்,
பூஜ்யத்துக்குள் கண்ணும் வாயும் போட்டு
அதைச் சிரிக்க வைத்தாள்.
ஆயிரத்து நாற்பது லிஃப்ட்டுகள் எங்கள் பராமரிப்பில்.
கேக் வெட்டினோம். பேசச் சொன்னார்கள்.
என்ன பேசினேன் என்று நினைவில்லை,
கைதட்டினார்கள் என்பது நினைவிருக்கிறது.

ஏப்ரல் முதல் வியாழக்கிழமை
பசவனகுடியில், பல் மருத்துவர் நான்காவது மாடி.
லிஃப்ட் கதவுக்கு மேலே எங்கள் பெயர்ப்பலகை.
பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற மாதிரி
கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.
கூடவே ஒரு பையன்,
முதுகில் சாப்பாட்டுப் பை, கையில் இரண்டு போன்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு முனகல்.
அந்த முனகலை எனக்குத் தெரியும்,
பிரேக் லைனிங் தேய்ந்து ஆறு மாதமாவது இருக்கும்.
பிறகு நின்றது.

பையன் பதறவில்லை.
பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.
"இது இப்படித்தான் சார், அவசரத்துல மறந்து ஏறிட்டேன்.
இந்த பில்டிங்ல எல்லாருமே படியிலதான்."
ஓசூர்ப் பக்கத்துத் தமிழ்.
"புகார் சொல்ல மாட்டாங்களா?"
"யாருகிட்ட?" என்றான்.

பொத்தான்களுக்குக் கீழே எங்கள் ஸ்டிக்கர்:
இருபத்துநான்கு மணி நேரச் சேவை.
ஸ்ரீராமபுரத்து ஒற்றை அறையில் இருந்தபோது வாங்கிய எண்,
அதை விட்டு ஏழு வருடம்.
இருந்தும் அடித்தேன்.
ஒரு பெண் எடுத்தாள்:
"முட்டை போட்டதா, போடாததா? எத்தனை கிலோ?"

அலுவலக எண்ணை அடித்திருக்கலாம்.
பச்சைப் பூஜ்யம் கண்முன் வந்து சிரித்தது,
அடிக்கவில்லை.
அது வெட்கமா, இல்லை
ஏப்ரல் கணக்கையும் காப்பாற்றிவிடும் ஆசையா,
இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

லிஃப்ட் மேலே போகிறது என்றால்
சுவருக்கு அந்தப் பக்கம், இருட்டில்,
ஒரு எடை கீழே இறங்குகிறது என்று அர்த்தம்.
எங்களுக்கு அந்த எடை
ராத்திரி இரண்டு மணிக்கு வரும் போன்.
வராத ராத்திரிகளிலும்
அதற்குப் பயந்து விழித்துக் கிடந்திருக்கிறேன்.
இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறேன்,
டாக்டரே பாராட்டினார்.

நாற்பது நிமிடம் கழித்து
கதவிடுக்கில் ஒரு கம்பி நுழைந்தது.
எங்கள் ஆட்கள் சாவி தேடித் திண்டாடும் பூட்டை
காவலாளி பசப்பா ஒரே சுண்டலில் திறந்தார்.
கம்பியை அவரே வளைத்துச் செய்தாராம்.
மூன்றாம் மாடித் தரை என் நெஞ்சுயரத்தில் இருந்தது.
பையன் முதலில் சாப்பாட்டை ஏற்றினான், பிறகு என்னை.

"அடிக்கடி நடக்குமா?"
"வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு.
பரவாகில்லா சார், நான் இருக்கேன்ல."

அந்தப் பரவாகில்லாவில்தான்
என் கம்பெனி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பல்லை மறந்து வீட்டுக்கு வந்தேன்.
பழைய டூல் பையைப் பரணில் கண்டுபிடித்தேன்,
உள்ளே தீபாவளி விளக்குச் சரம்.
அடியில் ஒரு நோட்டு, முதல் வருடத்தது.
ஜெயநகர் நாலாவது பிளாக், என்று ஒரு பக்கம்.
*சத்தமே இல்லை என்கிறார்கள். எனக்குக் கேட்கிறது.
நாளைக்கும் போகணும்.*
யார் எழுதியது என்று
கையெழுத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

காலை ஆறு மணி. பசவனகுடி.
பசப்பா வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.
நேற்று வந்த ஆளை
இன்று பையோடு பார்த்ததில் குழம்பி,
"லிஃப்ட்டா? யார் கூப்பிட்டாங்க?" என்றார்.

யாரும் கூப்பிடவில்லை என்றேன்.