எடுத்துக் கொடுக்கிறவன்

மேடைக்கு அடியில் என் பெட்டி.
நடிகன் மறந்த வரியை
அரங்குக்குக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பேன்.
சரகோசாவில் இருபத்திரண்டு வருஷமாக
இதில்தான் என் ரொட்டி.

முதல் ஒத்திகைக்கு வந்த எலாடியோ பாரியெந்தோஸ்
மேடையைப் பார்க்கவில்லை.
மண்டியிட்டு என் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
"பலகை, தூசி, இருட்டு.
இதே மாதிரி ஒன்றில்
பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து
பாவசங்கீர்த்தனம் கேட்டேன்" என்றார்.
அங்கி கழற்றி எட்டு மாதம்.
பட்டை இருந்த இடத்தில்
கழுத்து இன்னும் வெளுப்பாக இருந்தது.

தெருயெல் மலையில் நிலக்கரி ஊர்.
ஒரு ஞாயிறு பூசையில்
லத்தீன் பாதியில் நின்றுவிட்டதாம்.
பூசை உதவிப் பையன் விழிக்க,
முதுகுக்குப் பின்னால்
இருநூறு பேர் மூச்சை அடக்கியிருந்தார்கள்.
"அன்றுதான் என்னைக் கேட்டார்கள்.
அப்புறம் வரி வந்துவிட்டது,
இரும ஆரம்பித்துவிட்டார்கள்."

ஆயரிடமிருந்து மூன்று கடிதம்.
மூன்றாவதில் ஆசீர் இல்லை.

சாமியார் எழுதிய நாடகம் என்று
சீட்டு பறந்தது.
பக்கத்து வீட்டுப் பாவம்
விளக்கு வெளிச்சத்தில் தெரியும் என்று
வந்தவர்கள் ஏமாந்தார்கள்.
சுரங்கத்துக்குள் ஒருவன்
ஆரஞ்சுப் பழம் உரிக்கிறான்,
மணம் குகை முழுக்கப் பரவுகிறது,
அவ்வளவுதான் முதல் அங்கம்.
"கேட்டது எதையும் தொடக்கூடாது.
அதனால் யாரும் வந்து சொல்லாததை எழுதினேன்.
'சாமி, நேற்று சந்தோஷமாக இருந்தேன்' என்று
ஒருத்தரும் முழங்கால் போட்டதில்லை."

மூன்றாவது நாடகத்துக்கு
மலையிலிருந்து பஸ் ஏறி வந்தாள் தொமாசா இத்தூர்பே.
கறுப்பு உடை, துணியில் கட்டிய பாலாடைக்கட்டி.
ஆட்டம் முடிந்து பக்கக் கதவில் மறித்தாள்.

"மூன்று அங்கமும் காத்திருந்தேன்.
என்னுடையது எங்கே?
எத்தனை சனிக்கிழமை சொன்னேன் உம்மிடம்!
ஒரு வார்த்தைகூட
உமக்கு ஆகவில்லையா?"

அவர் வாய் திறந்தார்.
வரவில்லை.
பழக்கதோஷம், குனிந்து
என் பெட்டியைத் தேடினார்.
நான் தெருவில்
குடையோடு நின்றிருந்தேன்.
என் கையில் பிரதி இல்லை.

பஸ்ஸுக்கு நேரமானது.
மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு
நிலையம் வரை நடந்தார்.
பேசிக்கொண்டார்களா, தெரியாது.

மறுநாள் பிரதியில் ஒரு தாள் கூடியிருந்தது.
மூன்றாம் அங்கம். கதவருகே
கறுப்பு உடையில் ஒருத்தி. வசனம் இல்லை.

"எவ்வளவு நேரம் நிற்பது?"
நடிகை சலித்துக்கொண்டாள்.
"யாராவது இருமும் வரை."

எடுத்துக் கொடுக்க எனக்கு ஒன்றுமில்லை.
ஆனாலும் அந்த இடம் வந்தால்
விளக்கைக் கிட்டே இழுத்து
காலி வரியில் விரலை வைத்துக்கொள்கிறேன்.

சில இரவு
வெகுநேரம் ஆகிறது.