காரணம் என்ற கட்டம்

கோட்டையூர் பலகாரக் கம்பெனியில்
விபத்துப் பதிவேடு என் பொறுப்பு.
நீள நோட்டு. ஐந்து கட்டம்.
தேதி, பெயர், காயம், காரணம், கையெழுத்து.
எனக்கு முன்னால் இருந்தவர்
காரணத்துக்கு ஒரே சொல்தான் வைத்திருந்தார்:
கவனக்குறைவு.
அதன் கீழே மேற்படி, மேற்படி,
பக்கம் பக்கமாக மேற்படி.

நானும் எழுதினேன், மறைப்பதற்கில்லை.
சூசைமேரிக்கு முன்கை வெந்தது. மேற்படி.
ரஹ்மத் நிஷாவுக்கு முழங்கை. மேற்படி.
அவர்கள் கையெழுத்துப் போடும்போது
தலை குனிந்துதான் போட்டார்கள்.

ஆடி முடிந்து
கல்யாண ஆர்டர் குவிந்த வாரம்,
மனகோலம் மட்டும் நாற்பது டின்,
ஆள் போதாமல்
என்னையும் அடுப்படிக்கு அனுப்பினார்கள்.

எண்ணெய் புகைந்தது.
பர்னரை அணைக்க வேண்டும்.
சுவிட்ச், கொப்பரைக்குப் பின்னால், சுவரில்.
நான்கு. நான்கும் ஒரே கறுப்பு.
எட்டினால்
என் அக்குள் எண்ணெய்க்கு நேர் மேலே.
இரண்டாவதை அழுத்தினேன், மின்விசிறி நின்றது.
மூன்றாவது, விளக்கு.
இருட்டில்தான் நாலாவதைத் தேடினேன்.

கவனம் என்னிடம் நிறைய இருந்தது.
கை நீளம்தான் இல்லை.

மறுநாள் தையல் டேப்போடு போனேன்.
ரவிக்கை எடுத்துத் தரப்போறீங்களாக்கா என்று
சிரித்தார்கள்.
நிற்கச் சொல்லி, முழங்கை மடக்கச் சொல்லி
தரையிலிருந்து அளந்தேன்.
பாக்கியம் நாற்பது அங்குலம்.
செவத்தி முப்பத்து நாலு.
மற்றவர்கள் இடையில் எங்கெங்கோ.
கூட்டி வகுத்தால் முப்பத்தேழு வந்தது.
முப்பத்தேழில் ஒருத்தியும் இல்லை.

மாவு பிசையும் மேசை இருபத்தொன்பது.
காரைக்குடியில் பழைய சாமான் கடையில்
முதலாளி பேரம் பேசி வாங்கிய தேக்கு.
யாரோ ரங்கூன் காசில் செய்த சாப்பாட்டு மேசை.
நாற்காலி போட்டு, இலை போட்டு,
உட்கார்ந்து உண்பதற்கானது.
அதன்மேல் எட்டுப் பேர்
காலை ஆறரையிலிருந்து குனிந்து நிற்கிறார்கள்.

முதலாளி சொக்கலிங்கம் நல்லவர்தான்.
இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் சொல்லலையே
என்றார்.
லீவு லெட்டர்க் கட்டைப் பிரித்து
அவர் முன்னால் வைத்தேன்.
இடுப்பு வலி. இடுப்பு வலி. தோள்பட்டை.
உறவில் துக்கம் (இதுவும் இடுப்புதான், எனக்குத் தெரியும்).
சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள், ஐயா.
விடுப்பு அளிக்கப்பட்டது என்று
நாம்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவர் எதுவும் பேசவில்லை.
எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

அடைக்கலம் வந்தான், வாயில் டெஸ்டரோடு.
எத்தனை அடியில வைக்கணும்?
அடி எதற்கு? செவத்தியைக் கூப்பிட்டு
கண்ணை மூடிக் கையை நீட்டச் சொன்னேன்.
அவள் விரல் பட்ட இடத்தில் சாக்பீஸ்.
வாசல் பக்கம், தீக்கு இந்தப் புறம்,
பர்னருக்கு மட்டும்
உள்ளங்கை அகலச் சிவப்புப் பொத்தான்.
பாக்கியம் கொஞ்சம் குனிய வேண்டும்.
பரவாயில்லை என்றாள்.
வெந்து போவதற்குக் குனிவது தேவலை.

மேசைக் கால்களுக்கு அடியில்
செங்கல் வைத்து உயர்த்தினோம்.
குள்ளமானவர்களுக்கு ஒரு பலகை, ஏறி நிற்க.
செவத்தி முதல் நாள் அதில் ஏறி
எல்லோரையும் ஒருமுறை
நேர் கண்ணால் பார்த்தாள்.

வலி எல்லாம் போய்விட்டது என்று
சொல்ல மாட்டேன்.
சூசைமேரி இன்னும் தைலம் தடவுகிறாள்.
ஆனால் சாயங்கால பஸ்ஸுக்கு
இப்போது நடந்து போகிறார்கள்,
முன்பு இழுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் வாரம் மறுபடி நோட்டைத் திறந்தேன்.
பெயர்: பாக்கியம்.
காயம்: இடது கால் பெருவிரல், நகம் பெயர்ந்தது.
அக்கா, பார்த்து நடக்காதது
என் தப்புதான், எழுதிக்குங்க என்றாள்.

பேனா பழக்கத்தில் 'மே' வரைக்கும் போய்விட்டது.
அடித்தேன்.

காரணம்:
செங்கல் மேசை விளிம்பைத் தாண்டி
மூன்று விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது.
வைத்தது நான்.

கையெழுத்துக் கட்டத்தை
அவள் பக்கம் திருப்பவில்லை.