நாலு சில்லும் இழுக்கும்

தெல்லிப்பழைச் சந்தியில் மறித்துக் கேட்டீர்கள், ஞானரூபன்:
‘டொக்டர், உந்த ஜீப் எப்பிடி? நம்பி வாங்கலாமோ?’
பின்னால் மினிபஸ்காரன் கோர்ண் அடித்தான்.
தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.
எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

லீற்றருக்குப் பதினொன்று. ஏசி போட்டால் ஒன்பது.
விற்றவன் பதினாலு என்றான்.
அதைப் பொய் என்றும் சொல்லேன்.
அவன் கண்டிக்காரன், அங்கே பாதித் தூரம் இறக்கம்.

நமக்கு ஏது இறக்கம்?
நான் ஏறிய ஆகப் பெரிய ஏற்றம்
எங்கள் ஒழுங்கை வாசலில்
பிரதேச சபை போட்ட வேகத்தடை.
‘பிறகேன் அன்ரி நாலு சில்லும் இழுக்கிற வாகனம்?’
லீசிங் கந்தோரில் ஒரு பெடியன் கேட்டான்.
கன்று போடுகிற மாடு
தார் ரோட்டுக்கு வந்து நிற்காது தம்பி என்றேன்.
பதினெட்டு இடத்தில் கையொப்பம்.
இன்னும் இருபத்தேழு மாதம்.

உப்பைச் சொல்ல வேண்டும்.
நீரேரிக் காற்று அடியிலிருந்துதான் தின்னும்.
நின்று பார்த்தால் மினுக்கம்,
படுத்துப் பார்த்தால் அப்பளம்.

கூரையில் நாலு பள்ளம்.
பக்கத்து வீட்டுக் கிடாய் ஏறி நின்று முருங்கை தின்றது.
அதற்குப் பூச்சி மருந்து கொடுத்துப்
பசி வரவைத்தவள் நான்தான்.

திறப்பைத் திருப்பினால் உள்ளிருந்து ஒரு பெண்
யப்பான் மொழியில் ஒரு வசனம் சொல்வாள்.
மூன்று வருடம், ஒரே வசனம்.
காலை வணக்கம் என்று நினைத்திருந்தேன்.
அவசரமில்லாத நாட்களில்
‘ஓம் பிள்ளை, போவம்’ என்று பதிலும் சொல்லியிருக்கிறேன்.
வீட்டில் வேறு யாரும் அந்த நேரம் எழும்புவதில்லை.

கார்த்திகை வெள்ளம். இரவு பதினொன்றரை. கப்பூதிலிருந்து அழைப்பு:
‘பின்னங்கால் முன்னுக்கு வந்திட்டுது.’
அந்தப் பட்டனை அன்றுதான் முதன்முதல் அழுத்தினேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
மதகைத் தாண்டினேன், பெருமையாய்த்தான் தாண்டினேன்.
பிறகு வரம்பு எது, வீதி எது என்று தெரியாத ஓரிடத்தில்
நாலு சில்லும் இழுத்தன.
சொன்ன சொல் தவறாமல், நாலும் ஒற்றுமையாய்,
கீழே.

பையைத் தலையில் வைத்து நடந்தேன்.
தொடையளவு தண்ணீர்.
என்னோடு ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் மிதந்து வந்தது.
கன்று பிழைத்தது.
தாய் இரண்டு நாள் கிடந்து, பிறகுதான் எழும்பியது.

விடியத் தவராசா தன் லான்ட்மாஸ்டரைக் கொண்டுவந்தார்.
மொத்தம் இரண்டு சில்லு.
ஒன்றில் நட்டுக்குப் பதில் வேலிக் கம்பி.
கன்று இழுத்த கயிறு காணாது என்று
வள்ளம் கட்டுகிற கயிறு வாங்கப் போனார்கள்.
டக்கு டக்கு டக்கென்று அது இழுக்க
என் ஜீப் வெளியே வந்தது,
அதுவும் பின்பக்கம் முன்னுக்கு.
தவராசா காசு வாங்கவில்லை. சிரித்தார்.
அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான்
மாதாமாதம் லீசிங் கட்டுகிறேன்.

கொடிகாமத்தில் யூட் நிக்சன் சீற்றைக் கழற்றி வெயிலில் வைத்தான்.
கதவுக்குள் குரவை மீன்குஞ்சு ஒன்று செத்துக் கிடந்தது.
எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.
அவள்தான் பேசவில்லை.
அவன் நகோயாவில் ஏழு வருடம் வேலை செய்தவன்,
‘என்ன சொல்லுறவ அக்கா?’ என்றான்.
காதில் நின்றதைச் சொல்லிக் காட்டினேன்.
நிக்சன் குறட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:
‘அட்டை செருகேல்லை எண்டுறா.
அங்கத்தை ஹைவேக்குக் காசு கட்டுற அட்டை. அவ்வளவும்தான்.’

மூன்று வருடமாய் ஒரு குறை சொல்லியிருக்கிறாள்.
நான் ஓம் போட்டிருக்கிறேன்.

வயர் மாற்றினால் பேசுவாள், எண்ணாயிரம் முடியும் என்றான்.
வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
இன்று காலையும் அட்டை கேட்டாள்.

ஆகவே, ஞானரூபன், வாங்கலாம்.
பார்க்கப் போகும்போது பழைய சாறம் ஒன்று கொண்டுபோங்கள்,
நிலத்தில் விரித்துப் படுத்துப் பார்க்க.
வாங்கினால் ஒரு கோல் எடுங்கள்.
தவராசாவின் நம்பர் தருகிறேன்.