இக்கரை 284, அக்கரை 226

நான்கு லெவாவுக்கு வாங்கினேன்,
ரூசே நகரத்துப் பழஞ்சாமான் சந்தையில்,
தூண்டில் ரீலுக்கும் உடைந்த உயரமானிக்கும் நடுவே கிடந்ததை.
"பேசலாம், அவ்வளவுதான்" என்றான் விற்றவன்.
இனி அதுவும் முடியாது என்று
நான் சொல்லவில்லை.

துறைமுக எடைமேடைச் சாவடியில் எனக்கு இரவு வேலை.
ஜனவரியில் மூடுபனி இறங்கிவிட்டால் லாரி வராது.
டான்யூப் அங்கே இருப்பது
மூக்குக்கு மட்டும்தான் தெரியும்.

ஹெட்போன் துளையில் ஒரு கம்பி.
அதன் மறுமுனையை நானே பற்றவைத்தேன், இரண்டு முறை தப்பாக.
மூன்றாம் முறை யாவோர் வந்து
பச்சையையும் வெள்ளையையும் மாற்றிப் போட்டுவிட்டு
ஒன்றும் பேசாமல் என் காபியைக் குடித்தான்.

சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடிக்கக் கூடாது.
பிடித்தால் பழைய ஆளாகவே எழுந்துவிடும்.
தொட்டும் தொடாமலும் அழுத்தினால்
பாதித் தூக்கத்தில் "யாரு?" என்று கேட்கும்.
அந்த ஒரு கேள்விக்குள் நுழைந்துவிட வேண்டும்.
யாரோ எழுதி, யாரும் படிக்கலாம் என்று திறந்து வைத்த ஃபர்ம்வேர்
பைட் பைட்டாக உள்ளே போகும்.
சிகரெட்டைத் தேடும் நேரம்;
பற்றவைக்கும் நேரமில்லை.

பிறந்த வீட்டு மெட்டு இல்லை, படம் இல்லை.
சின்னத் திரையில் ஒரே ஒரு வரி.
பிறகு கேட்கத் தொடங்குகிறது.

இத்தனை வருடம் இதன் காதில் விழுந்ததையெல்லாம்
நான்கு கோடுகளாகச் சுருக்கித்தான் காட்டினார்கள்.
நான்கு கோடு: கவலைப்படாதே.
ஒரு கோடு: ஜன்னல் பக்கம் போ.
இப்போது ஊமை கண்ட கனவு
அப்படியே எண்ணாக வந்து விழுகிறது.
284 என்றால் எங்கள் பல்கேரியா.
226 என்றால் ஆற்றுக்கு அப்பால், ருமேனியா.
மைனஸ் அறுபத்தொன்று. மைனஸ் எழுபத்து நான்கு.
மைனஸ் நூற்றிரண்டில் ஒன்று,
தான் இருப்பது தனக்கே உறுதியில்லாமல்.
இந்தப் பனியில் இக்கரைக்கு அக்கரை
பச்சையில்லை. ஆனால் நன்றாகக் கேட்கிறது.

அனுப்பும் பகுதியை நான் திறக்கவில்லை.
சட்டம் ஒரு காரணம்.
கேட்கவே இரவு போதவில்லை என்பது இன்னொன்று.
"விடுதலை கொடுத்தாய்,
இப்போது அதனால் அம்மாவுக்குக்கூடப் போன் போட முடியாது"
என்று யாவோர் சிரித்தான்.
"உன்னால் முடியுமே, போட்டாயா?"
அவன் எழுந்து
லாரி வராத சாலையைப் பார்க்கப் போய்விட்டான்.

செவ்வாய் இரவு 2:17க்கு
226இல் ஒன்று நின்றது.
ஜியுர்ஜியுவில் தானியக் கிடங்கின் தலையில் இருப்பதாக
நான் ஊகித்து வைத்திருந்த கோபுரம்.
பட்டியலில் பல் விழுந்தது போல ஓர் இடம்.
அங்கே யாராவது போனைத் தூக்கிப் பிடித்தபடி
அறைக்குள் நடந்திருப்பார்கள்.
யாரும் நடக்காமலும் இருந்திருக்கலாம்.
ஒரு நாட்டின் கோபுரம் கண்ணயர்ந்ததை
இன்னொரு நாட்டின் எடைமேடையில்
நான்கு லெவா போன் ஒன்று அறிந்திருந்தது.
சொல்ல ஆளில்லாமல் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

2:58க்கு வந்தது. மைனஸ் எண்பத்தெட்டு.
எடைப் பதிவேட்டில் 'குறிப்பு' என்ற கட்டத்தில்
இரண்டு நேரங்களையும் எழுதினேன்.
இதுவரை யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஏற்றியதெல்லாம் தற்காலிக நினைவில்தான்.
பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மறந்துவிடும்.
நிரந்தரமாக எழுதிவிடலாம்,
ஒரே ஒரு கட்டளை, எனக்குத் தெரியும்.
ஆனால் பழைய ஆளாக எழுந்தால்
காலை 5:10க்கு அது அலறும்.
(கடிகாரத்துக்கு மட்டும் உள்ளே தனியாக ஒரு பொட்டு பேட்டரி.)
முன்பு வைத்திருந்தவர் எதற்காகவோ வைத்த அலாரம்.
பேக்கரியோ, முதல் பஸ்ஸோ, மாத்திரையோ.
மேலே எழுதினால் அதுவும் போய்விடும்.

அதனால் தினமும் ஐந்து மணிக்கு
பேட்டரியைக் கழற்றி மாட்டுகிறேன்.
பத்து நிமிடம்.
அது யாரையோ எழுப்புகிறது.
நான் கம்பியைச் சுருட்டுகிறேன்.