நான்காம் தொட்டி

அதிகாலை மூன்றே கால்.
தக்கலைக்கு மேற்கே, தயிர் ஆலையில்
நான்காம் தொட்டி உறையவில்லை.
நாற்பத்திரண்டு டிகிரி, சரி.
உறை ஊற்றிய நேரம், சரி.
கரண்டியை விட்டால்
பிடி கொடுக்காத ஆளைப்போல்
நழுவுகிறது பால்.

"வெள்ளம் கலக்கிட்டானுவ பிள்ளே,"
என்றார் சூப்பர்வைசர் பிரைட்சிங்.
டேங்கர் ஓட்டி வந்தவர் பெயர் டார்வின்
(எங்கள் பக்கம் அப்படித்தான் வைப்பார்கள்,
நானாகச் சேர்த்ததில்லை).
மாதா மேல் ஆணையிட்டார் டார்வின்.
பிரைட்சிங் பதிவேட்டைத் திறந்து
சிவப்புப் பேனாவைத் தேடினார்.

வெள்ளம் இல்லை.
வாயும் வயிறும் இல்லாத ஒன்று;
ஒரு தலை, நீண்ட வால்,
தலைக்குள் சுருட்டிவைத்த எழுத்து.
உறைக் கிருமியின் தோலில் வாலை ஊன்றி
எழுத்தை மட்டும் உள்ளே இறக்கும்.
அடுப்பு, பாத்திரம், அரிசி எல்லாம் வீட்டுக்காரனுடையது.
சமைந்து வருவதோ வந்தவனின் பிள்ளைகள்.
ஒரு மணி நேரத்துக்குள் சுவர் வெடிக்கும்.

கிருமி சும்மா இருப்பதில்லை.
முதல் காவல், களியக்காவிளை செக்போஸ்ட் மாதிரி.
சொந்த எழுத்தில் அங்கங்கே ஒரு பொட்டு வைத்திருக்கும்.
பொட்டு இருந்தால் விடு.
இல்லையா, அந்த இடத்திலேயே நறுக்கு.
நான் குளச்சல்காரி.
தக்கலையில் வாடகைக்கு வீடு கேட்டபோது
எனக்கும் பார்த்தார்கள்:
ஊர், சபை, அப்பாவுக்குக் கடலா கரையா என்று.

ஆனால் எந்தச் செக்போஸ்டிலும்
காவல்காரன் கொட்டாவி விடும் நொடி ஒன்று உண்டு.
அதில் ஒரு வண்டி தாண்டிவிட்டால்
உள்ளே இருக்கிறவர்களே அதற்கும் பொட்டு வைத்துவிடுவார்கள்.
பிறகு அதன் பிள்ளைகள் அத்தனையும் உள்ளூர்.

வேறு சிலது, தொற்றியது தெரிந்ததும்
வந்தவன் பெருகுமுன்
தன்னையே அணைத்துக்கொள்ளும்.
தியாகம் என்று எழுதப் போய் அடித்துவிட்டேன்.
நஞ்சு ஒன்று, அதைக் கட்டிய கயிறு ஒன்று,
கயிறு அறுகிறது.
அவ்வளவுதான். அதுவே போதுமாயிருக்கிறது.

பதினொரு மணிக்கு, கழுவ மறந்த மாதிரிக் குப்பியில்
கொட்டைப்பாக்களவு ஒரு கட்டி.
எல்லாம் செத்த இடத்தில்
எதுவோ சாகாமல் உறைந்திருக்கிறது.
சோறு தின்னப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருவனந்தபுரத்துக்கு அனுப்பி
மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது.
அதன் எழுத்தில் ஒரு வரிசை:
ஒரே சொல் திரும்பத் திரும்ப,
இரண்டு சொல்லுக்கு இடையே ஒரு துண்டு.
ஒவ்வொரு துண்டும் எப்போதோ வந்துபோன பகை.
வரிசையின் தலைமாட்டில், ஈரம் காயாமல்,
முப்பது எழுத்து புதிதாக.
நான்காம் தொட்டியைக் கொன்றவனுடையது.
எப்படியோ கடித்துப் பிடுங்கி
உள்ளே தைத்துவைத்திருக்கிறது.
இனி அந்த முகம் வாசலில் தெரிந்தாலே
அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு அரிவாள் ஓடும்.
பிறக்கும் மகள்களுக்கும் அதே அரிவாள்.

"அப்போ இனி பயமில்லை?" என்றார் பிரைட்சிங்.
"அவன் ஒரே ஒரு எழுத்தை மாத்திட்டா
இது அவனைக் கண்டுக்காது, சார்."
"பொறவு?"
"பொறவு இன்னொரு தொட்டி கெடும்."

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.
அவசரத்தில் சில கிருமிகள்
தன் எழுத்தையே பகை என்று குறித்துவைத்துவிடும்.
அரிவாள் திரும்பி வரும்.
அப்படிக் குறித்தது மறுநாள் இருக்காது.

டார்வின் நேற்றும் பால் கொண்டுவந்தார்.
சம்பளத்தில் பிடித்த ஆயிரத்து எண்ணூறு
இன்னும் வரவில்லை என்றார்.
தாளைக் காட்டினேன். சிரித்தார்.
பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே
சிவப்பு மை.
அடிக்கிற அதிகாரம் எனக்கு இல்லை.
நான்காம் தொட்டி
நன்றாக உறைந்திருந்தது.