கோடு

பந்து உருண்டையில்லை. உரிக்காத தேங்காய்.
ஆள் முன்னால் போகணும், பந்தைப்
பின்னால்தான் எறியணும்.
இதென்ன ஆட்டமுங்க என்று
போத்தனூர் ஷெட்டில் கேட்காதவர் இல்லை.

ஆல்பன் ரொசேரியோவுக்கு அதில் குழப்பமே கிடையாது.
வாரத்தில் ஆறு நாள் கரியை முன்னால் வீசும் ஃபயர்மேன்
ஏழாம் நாள் தோளைத் திருப்பிக்கொண்டான், அவ்வளவுதான்.
சட்டைக்காரப் பையன். ஒல்லி. இடது ஓரம் அவன் இடம்.

நான் பாயிண்ட்ஸ்மேன், பேர் பொங்கியண்ணன்.
ஆட்டத்துக்கு முதல்நாள்
சுண்ணாம்புக் கோடு போடுவது என் தலையில்.
நெருஞ்சியைச் செதுக்குவதும்.
செதுக்கினால் போகிற முள்ளா அது?
விழுந்தவன் முழங்கையிலிருந்து
ஊக்கால் எடுத்து எடுத்து, திங்கட்கிழமை முழுக்க.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் திறந்துகொள்ளும்.
உதைத்த பந்து பாதி வானம் போய்
யோசித்து, உதைத்தவனிடமே திரும்பி வரும்.
ஆல்பன் உதைக்கவே மாட்டான்.
மாரோடு அணைத்துக்கொண்டு ஓடுவான்,
சந்தையில் நழுவின கோழி
திரும்பக் கிடைத்தவன் மாதிரி.

ஏழு வருஷம். பத்தொன்பது ஆட்டம்.
கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் வைத்தது ஐந்து தடவை.
ஆறாவதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பன்னிரண்டாம் வருஷம். ஆனைமலைத் தோட்டத்துத் துரைமார்
மலையிறங்கி வந்திருந்தார்கள்.
சென்னையிலிருந்து ஒருத்தர், கையில் நோட்டோடு,
மாகாண அணிக்கு ஆள் எடுக்க.
எனக்கு முதல்நாளே சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது.
கடைசிப் பத்தடிக்கு ஷெட்டுச் சாம்பலைத் தூவினேன்.
கயிறு பிடிக்கவில்லை. பொழுதிறங்கிவிட்டது,
கண்ணளவு போதுமென்று விட்டேன்.
ராத்திரிக் காற்று வேறு.

மூணு பேரை உதறி
நாலாமவனை முதுகில் சுமந்துகொண்டே விழுந்தான் ஆல்பன்.
பந்து நெஞ்சுக்கடியில்.
நடுவர் குனிந்து பார்த்தார்.
ஒரு முழம் குறைச்சல் என்றார்.
கயிறு என் மடியில் இருந்தது.
நான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சென்னைக்காரர் ராத்திரி மெயிலில் ஏறிப் போனார்.
அந்த இன்ஜினுக்குக் கரி தள்ளினது ஆல்பன்தான்,
ஈரோடு வரைக்கும்.

அடுத்த ஆடியில் முட்டி விலகியது. அத்தோடு சரி.
பிறகு டிரைவரானான், உடம்பு வைத்தது,
காக்கிச் சட்டையில் பொத்தான் சேரவில்லை.
என் லீவரைத் தாண்டும்போதெல்லாம்
எட்டிப் பார்த்துக் கேட்பான்:
பொங்கி, கோடு நேராக இருக்கா?

தண்டவாளத்தைத்தான் கேட்கிறான் என்று
பச்சைக் கொடியைக் காட்டுவேன்.