டொப்

நைனா முகமது தட்டுகிறார்.
நுனியில் இரும்புக் குமிழ் வைத்த கோல்,
பழைய வானொலியின் ஏரியல் மாதிரி
இழுத்தால் நீளும்.
ஒவ்வொரு ஓடாக
டக். டக். டக்.
டொப்.

டொப் என்ற இடத்தில்
நீல நாடாவைப் பல்லால் கிழித்து ஒட்டுகிறார்.
வரவேற்பறையில் மட்டும் பதினான்கு.
ஈசூன், பதினோராம் மாடி, நான்கறை வீடு.
விற்பவர் திரு குவா.
நான் அவர் பக்கம்.

என் கழுத்தில் அட்டை தொங்குகிறது:
படம், பெயர், பதிவெண்.
வருஷா வருஷம் கட்டணம், வகுப்பு.
யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் தேடி
நான் நிஜ முகவர்தானா என்று பார்த்துக்கொள்ளலாம்.
நைனா கழுத்தில் ஒரு துண்டு,
வியர்வைக்கு.

காலையில் மின்தூக்கியில் நான்தான் கேட்டேன்,
"உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.
ஆனால் கேட்டேன்,
வாங்க வந்த தாட்சாயணியின் காதில் விழும்படி.

"இந்த வேலைக்கு இங்கே அப்படி ஒண்ணும் தர்றதில்லையே, மேடம்.
தந்தா முதல் ஆளா வரிசையில் நிப்பேன்.
இருபது வருஷம் ஓடு ஒட்டினேன்.
ஒட்டினவனுக்குத் தெரியும்
சிமெண்டை எங்கே மிச்சம் பிடிப்பான்னு."

இரவுப் பணி முடிந்து தூங்காமல் வந்தவள்
மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஏழு. எட்டு. ஒன்பது.
எனக்கு ஏதோ ஒரு புள்ளி கிடைத்த மாதிரி இருந்தது.

இப்போது குளியலறை.
பையிலிருந்து ஒரு கோலிக்குண்டு எடுத்துத் தரையில் விடுகிறார்.
அது வடிகாலை மதிக்காமல்
கதவை நோக்கி உருள்கிறது.
தாட்சாயணி முதல்முறையாகச் சிரிக்கிறாள்.

நான் மேலே பார்க்கவில்லை.
மேலே ஒரு வெள்ளை இருக்கிறது,
பக்கத்து வெள்ளையைவிட இரண்டு வாரம் இளையது.
பெயிண்ட் கடையில் இத்தனை வெள்ளையா என்று குழம்பி
திரு குவா எனக்குத்தான் படம் அனுப்பினார்.
"இடது பக்கம் உள்ளது" என்று பதில் போட்டேன்.
கூடவே ஒரு கட்டைவிரல்.

வகுப்பில் சொன்னார்கள்:
தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதே.
தெரிந்ததைத் தெரியாததுபோல் விடாதே.
முதலாவதை அடிக்கோடிட்டேன்.
இரண்டாவது வரும்போது
தேநீர் இடைவேளை.

ஏணியில் ஏறிவிட்டார்.
ஈரமானியின் இரண்டு முட்களும் கூரையில் பதிகின்றன.
எண் ஏறிக்கொண்டே போகிறது.
குனிந்து பார்க்கிறார்,
பணம் தருபவளை அல்ல,
என்னை.
"மேல் வீட்டுத் தண்ணியா, மேடம்?"

அட்டை எப்படியோ திரும்பிக்கொண்டிருந்தது,
வெறும் முதுகைக் காட்டி.
அதை நேராக்கினேன்.
அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
சமையலறையில் திரு குவா
யாரும் கேட்காத கோப்பியைக் கலக்கும் சத்தம்.
டக். டக்.

"ஆமாம்," என்றேன்.
"ஜனவரியிலிருந்து.
மேலே பூசியிருக்கு.
நிறம் நான் சொன்னது."

கரண்டி நின்றது.

தாட்சாயணி கண்ணைக் கசக்கினாள்,
தூக்கமாகவும் இருக்கலாம்.
"எவ்வளவு குறைப்பாராம்?" என்றாள்.

நைனாவுக்கு நாடா தீர்ந்திருந்தது.
என் கைப்பையில் ஒரு சுருள் கிடந்தது,
மின்தூக்கி அருகே
என் முகம் போட்ட தாள்களை ஒட்டுவது.
எடுத்துக் கொடுத்தேன்.
அவர் பல்லால் கிழித்தார்.